ஊரெல்லாம் வேலை, வீட்டில் வருமானம் இல்லை: தென் மாவட்டச் சிறு நகரங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, விருதுநகர் மாவட்டங்களின் சிறு நகரங்களில் சராசரிக் குடும்ப வருமானம் மாதம் 10,000 ரூபாய்க்கும் கீழ் என்று ஒரு பட்டியலைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போனபோது நீங்கள் கண்டதோ கான்கிரீட் வீடுகள், வாசலில் நிற்கும் பைக்குகள், கடைவீதியில் வரிசையாக நகைக்கடைகள். இரண்டில் எதை நம்புவது என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், "அங்கே வேலை இல்லையா, வேலை செய்ய ஆளில்லையா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை இருக்கிறது, ஆளும் இருக்கிறது, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேலை நடக்கிறது. அந்த வேலைக்கு விலைதான் இல்லை.

குடும்பச் செலவு, வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊர்களில் படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். பிறந்ததும் ஆலங்குளத்துக்குப் பக்கத்தில்தான். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அதனால் நான் எழுதுவதில் பாசம் இருக்கும். கணக்கில் மட்டும் அதைக் கலக்காமல் பார்த்துக்கொள்கிறேன். என் அனுபவம் பெரும்பாலும் முக்கூடல், ஆழ்வார்குறிச்சி, கீழப்பாவூர், சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம். சிவகாசி, கோவில்பட்டி பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டியல். அந்த எண்ணை ஊரின் சராசரி வருமானம் என்று நம்ப முடியாது. காரணம் எளிது. 10,000 ரூபாயை நான்கு பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 2,500 வரும். 2023-24-ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகர்ப்புறத்தில் அடிமட்ட ஐந்து சதவீத மக்களின் சராசரி மாதச் செலவே தலைக்கு 2,376 ரூபாய். தமிழ்நாட்டு நகர்ப்புறத்தின் மொத்தச் சராசரி 8,165 ரூபாய். பட்டியல் சரியென்றால், இந்த ஊர்களின் சராசரிக் குடும்பம் இந்திய நகரங்களின் கடைசிப் படியில் நிற்க வேண்டும். அப்படி இல்லை. இந்த ஊர்கள் ஏழை ஊர்கள்தாம். அவ்வளவு ஏழை அல்ல.

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும்? நம் நாட்டில் செலவைத் தொடர்ந்து அளந்து வந்திருக்கிறார்கள். வருமானத்தை அப்படி அளக்கவில்லை. நாடு முழுவதற்குமான குடும்ப வருமானக் கணக்கெடுப்பு ஒன்றை 2026-ல் நடத்தப்போவதாக மத்திய அரசு 2025-ல்தான் அறிவித்தது. 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு, கிராமப்புறத்தில் வீட்டிலேயே அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானம் 5,000-க்குக் கீழா, 10,000-க்குக் கீழா, அதற்கு மேலா என்று மட்டும் கேட்டது. அது ஒருவருடைய வருமானம். அதையே குடும்ப வருமானம் என்று எழுதிவிட்ட பட்டியல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழி, தாலுகா அலுவலகம் தரும் வருமானச் சான்றிதழ். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு நீண்ட காலம் 72,000 ரூபாயாக இருந்தது. பிறகுதான் 1,20,000 ஆனது. வரம்பு 72,000 ஆக இருந்த நாளில் ஊரில் பாதிப் பேரின் சான்றிதழில் அதை ஒட்டிய தொகையே இருக்கும். 1,20,000-ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், மாதம் சரியாக 10,000 வரும். உங்கள் பட்டியல் இப்படிப் பிறந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சான்றிதழ் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பது திட்டத்தின் வரம்பே தவிர, வீட்டின் வருமானம் ஆகாது.

இத்தோடு பதிலை முடித்துவிட்டால், "ஊர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும். அதனால் ஒரு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன்.

முக்கூடல் பக்கம் ஒரு தெரு. காலை பத்து மணி. திண்ணையில் நான்கு பெண்கள், ஒவ்வொருவர் மடியிலும் பீடித்தட்டு. முதல் நாள் இரவே இலையை நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டி, புகையிலைத் தூளை உள்ளே பரப்பி, சுருட்டி, நூலால் ஒரு சுற்று, நுனியை மடக்கி ஒரு குத்து. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்த அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். "வருமானம் எவ்வளவு?" என்றபோது பேச்சு நின்றுவிட்டது. "போன மாதம் பாலுக்கு எவ்வளவு, காஸுக்கு எவ்வளவு, குழுக்கடனுக்கு எவ்வளவு?" என்று கேட்டபோது மடமடவென்று வந்தது. வரவு அவருக்கே ஒரு தொகையாகத் தெரியாது. செலவு பைசா சுத்தமாகத் தெரியும். நாற்பது நிமிடத்தில் இரண்டு கட்டு முடித்திருந்தார். "அண்ணாச்சி, உங்களால் இன்றைக்கு ஒரு கட்டு குறைந்துவிட்டது" என்றார், கோபமில்லாமல்.

அந்த ஐம்பது பீடியின் விலையைப் பாருங்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது அது மாறும். கணக்குக்கு 280 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பீடிக்கு 14 ரூபாய். நாற்பது நிமிடத்துக்கு, விரல் ஓய்வில்லாமல், 14 ரூபாய். நாளுக்கு எழுநூறு பீடி சுற்றினால் 196. எல்லா நாளும் இலை கிடைக்காது. இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக்கடையில் வாரத்துக்கு நான்கு நாள் இலை கொடுத்தால் நல்ல வாரம். மாதம் பதினேழு நாள் என்றால் 3,332 ரூபாய். இதிலும் கழிவு உண்டு. ஆயிரம் பீடிக்கு என்று நிறுத்துக் கொடுக்கும் இலையில் ஓட்டையும் கிழிசலும் போக எண்ணூறுதான் தேறும் என்றால், மீதிக்கு இலையைக் கைக்காசு போட்டு வெளியில் வாங்க வேண்டும். சுற்றிக் கொண்டுபோனதில் சரியில்லை என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது. கணக்குப் புத்தகம் ஒருவர் பெயரில் இருக்கும். இலை வெட்டியது மாமியாராகவும், பள்ளி விட்டு வந்து நுனி மடக்கியது மகளாகவும் இருப்பார்கள். புத்தகமே இல்லாமல் அடுத்தவர் புத்தகத்தில் சுற்றிக் கொடுக்கும் பெண்களும் உண்டு. அவர்களுக்கு வைப்பு நிதியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. எந்தப் படிவத்திலும் அவர்கள் தொழிலாளர் என்று சரியாக விழுவதில்லை. கணக்கெடுப்பாளர் அவசரத்தில் இருந்தால் "வீட்டு வேலை" என்ற கட்டத்தில் குறித்துவிட்டுப் போய்விடுவார். என் கீழ் வேலை பார்த்தவர்களிடம் நான் அதிகம் சண்டை போட்டது இந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

இனி வீட்டுக்காரர். கட்டட வேலைக்குக் கையாளாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 700 ரூபாய், மாதம் பதினைந்து நாள், 10,500. இரண்டையும் கூட்டினால் 13,832. 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 சேர்ந்தால் 15,000-ஐத் தொடுகிறது. ரேஷன் அரிசிக்குக் காசில்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. பணமாக வராத இந்த வரவுகளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அடுப்பு அணையாமல் இருப்பது இவற்றால்தான். ஆனால் இது நல்ல மாதத்துக் கணக்கு. அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தாலோ, மழையில் வேலை நின்றாலோ, பீடிக்கடையில் இலை வரவில்லை என்றாலோ, அதே வீட்டின் வருமானம் இறங்கும்; இவற்றில் இரண்டு ஒன்றாக வந்தால் 9,000-க்கே போய்விடும். உங்கள் பட்டியலின் 10,000 இந்த வீட்டுக்குச் சராசரி அல்ல; ஆனால் ஆண்டில் மூன்று நான்கு மாதங்களின் உண்மை அது. அந்த மாதங்களில்தான் நகை அடகுக்குப் போகிறது. பஸ் ஜன்னலில் பார்த்த நகைக்கடைகளைச் சொன்னீர்களே, அடுத்த முறை அவற்றுக்கு நடுவில் இருக்கும் அடகுக்கடைகளையும் நகைக்கடன் பலகைகளையும் எண்ணிப் பாருங்கள்.

கான்கிரீட் வீடுகள் பொய்யில்லை. கடையநல்லூரில் வளைகுடாப் பணம்; வேறு பல ஊர்களில் சென்னையிலும் மும்பையிலும் மளிகைக்கடையில் நின்ற பிள்ளைகள் அனுப்பிய பணம்; செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போனவர்களின் பணம்; அரசு வீட்டுத் திட்டங்களின் மானியம்; மேலே கடன். வீடு என்பது பத்து ஆண்டுகளின் சேமிப்பு, சில வீடுகளில் ஒரு ஆணின் இளமை முழுவதும். அதைப் பார்த்து இந்த மாத வருமானத்தை ஊகிக்க முடியாது.

இவ்வளவு உழைப்புக்கு ஏன் கூலி ஏறவில்லை? இதில் எனக்குச் சந்தேகம் குறைவு. பீடியின் மூலப்பொருள் எதுவும் இங்கே விளைவதில்லை. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து வருகிறது; புகையிலை குஜராத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. இயந்திரம் கிடையாது, ஒரு கத்தரி, ஒரு தட்டு, ஒரு நூல்கண்டு போதும். கூலி எங்கே குறைவோ அங்கே இந்தத் தொழிலைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பிள்ளைகளையும் மாமியாரையும் விட்டு அந்தப் பெண்ணால் போக முடியாது. இது வெறும் அச்சம் இல்லை, நடந்த கதை. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் முனைந்து அமல்படுத்தியபோது, கண்ணூரில் பீடி சுற்றக் கொடுத்துக்கொண்டிருந்த மங்களூர்க்காரர்கள் தொழிலை மூடிக்கொண்டு போனார்கள். தெருவில் நின்ற தொழிலாளர்களுக்காக அரசு ஆதரவோடு 1969-ல் தொடங்கியதுதான் தினேஷ் பீடிக் கூட்டுறவு. அது நன்றாக நடந்த காலத்தில் நாற்பதாயிரம் பேர் வரை வேலை செய்தார்கள். அப்படி ஒன்று எங்கள் பக்கத்தில் உருவாகவில்லை. கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் இதைவிடக் குறைவாகச் சுற்றிக் கொடுக்கிறார்கள் என்ற பதிலே வருகிறது. அந்தப் பதில் உண்மையும்கூட.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பீடித் தொழில் செழிக்க வேண்டும் என்று என்னால் விரும்ப முடியாது. பீடி புற்றுநோய் தருகிறது. சுற்றுகிறவர்களின் மூச்சிலும் அந்தத் தூள் ஏறுகிறது. என் அம்மாவின் இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் தொழில் மெல்லச் சுருங்கும்போது அதன் விலையைப் பெண்கள்தாம் கொடுக்கிறார்கள், வாரம் ஆறு நாள் இலை நான்கு நாளாகி, நான்கு மூன்றாகி. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பீடித் தொழிலாளர் நலநிதிக்கென்று வசூலித்த வரியும் நீங்கிவிட்டது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் மருத்துவமனைகளும் அந்த நிதியில்தான் நடந்துவந்தன. இப்போது அவை பட்ஜெட் ஒதுக்கீட்டை எதிர்பார்த்து நிற்கின்றன.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான், பொருள்தான் வேறு. கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி: இயந்திர ஆலை வந்தபிறகு கைத்தொழில் கூடங்கள் குறைந்தன, அதன்பின் லைட்டர் வந்தது. 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்கு 2023-ல்தான் தடை வந்தது. சிவகாசிப் பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்பு என்ற வேதிப்பொருளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் விதித்த தடைக்குப் பிறகு வேலைநாள்கள் நிச்சயமில்லாமல் போயின. விபத்துகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறி, ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி. பெரும்பாலும் உருப்படிக்கூலி, மாதச் சம்பளம் இல்லை. வேலை நிற்கும் நாளின் நஷ்டம் முதலாளியைச் சேராமல் வீட்டைச் சேர்கிறது. இந்தப் பகுதியின் ஏழ்மைக்கு மானாவாரி நிலமும் குறைந்த மழையும்தான் காரணம் என்பார்கள். மக்கள் இந்தத் தொழில்களுக்குள் வந்த காரணத்துக்கு அது பொருந்தும். வந்தபிறகும் கூலி ஏறாததற்கு மழையைக் குற்றம் சொல்ல முடியாது.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒரு விஷயம் பேரூராட்சி என்ற வேலி. தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் பல, பார்த்தால் பெரிய கிராமம். வயலும் ஆடுமாடும் பீடித்தட்டும் கலந்து கிடக்கும். காகிதத்தில் அவை நகரம். அதனால் '100 நாள் வேலை' என்று ஊர் சொல்லும் கிராமப்புற வேலை உறுதித் திட்டம் இங்கே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊராட்சியில் தங்கைக்கு வேலை உண்டு, இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு இல்லை. 2025-26-ல் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நாள்கூலி 336 ரூபாயாக இருந்தது. எழுநூறு பீடியின் 196-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த முரண் அரசுக்கும் தெரியாததில்லை. மத்திய அரசின் கிராமப்புற நிதி கிடைக்கட்டும் என்று 2004-ல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள். 2006-ல் மறுபடியும் பேரூராட்சிகளாக்கிவிட்டார்கள். 2022-ல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்று முன்னோடியாக வந்தது. அது சில ஊர்களுக்கு மட்டும்தான். தெரு ஒன்றே, வறுமையும் ஒன்றே, கெஜட்டில் ஒரு வரி மாறினால் உரிமை மாறிவிடுகிறது என்பதை நான் இன்றுவரை ஏற்றுக்கொண்டதில்லை.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. நிலைமை மேம்படுகிறதா? ஒரு பக்கம் பார்த்தால் ஆம். இன்று இருபது வயதுப் பெண்கள் பலர் தட்டைத் தொடுவதில்லை. கல்லூரிக்குப் போகிறார்கள், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022-லிருந்து மாதம் 1,000 ரூபாய் வருகிறது. காலை ஏழரை மணிக்கு ஆலங்குளம் பஸ் நிலையத்தில் நின்றால் இந்த மாற்றத்தைக் கண்ணால் காணலாம். மறுபக்கம், பட்டம் வாங்கிய பெண் திருநெல்வேலி ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வாங்கும் சம்பளம், அம்மாவின் கூலியைவிட எவ்வளவு கூடுதல் என்று கேட்டால், பஸ், உடை, சாப்பாடு போக மிஞ்சுவது பல வீடுகளில் சொற்பம். நல்ல வேலை கிடைத்தவர்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விடுகிறார்கள். அவர்கள் வருமானம் ஊரின் கணக்கில் வராது, அனுப்பும் பணம்தான் வரும். ஆகவே ஊர்ச் சராசரி ஏறாமலே குடும்பங்கள் தலையெடுக்க முடியும், முதியவர்கள் மட்டும் மிஞ்சிய வீடுகளால் அந்தச் சராசரி இன்னும் கீழேயும் போகலாம். எது எவ்வளவு என்று ஊர்வாரியாகப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு எந்தக் கணக்கெடுப்பின் மாதிரியும் பெரியதில்லை. 2023-24-ல் நாடு முழுவதும் 2,61,953 வீடுகளில் கேட்டார்கள். முக்கூடலுக்கென்று அதில் ஒரு எண் எடுக்க முயன்றால் அது ஊகமாகத்தான் இருக்கும்.

கல்லூரி ஆய்வுக்காகக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரே தெருவில் முப்பது வீடுகளுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். போன வாரம் எத்தனை நாள் இலை கிடைத்தது, தட்டில் யார் யாருடைய கை இருந்தது, அடகில் எத்தனை பவுன் இருக்கிறது, வெளியூரிலிருந்து கடைசியாக எப்போது பணம் வந்தது என்று கேளுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் போகாதீர்கள். அந்த நேரத்தில் கட்டுகளை எண்ணிக் கூடையில் அடுக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்கள். காலையில் போனால் பேசுவார்கள். பேசும்போது நீங்களும் கீழே உட்கார்ந்து கட்டுக்கு நூல் வெட்டிக் கொடுங்கள், அவர்களுக்கு ஒரு கட்டு குறையாமல் இருக்கும்.